நார்மலின் கால்

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கையை விரிப்பார்கள். நார்மல் என்று கேட்டால் போதும், வாசலில் வண்டிக்குச் சீட்டுக் கிழிப்பவர்கூட, "மாடிக்குப் போங்க, ஊசி ரூம்ல இருப்பாரு" என்று வழி சொல்லிவிடுவார்.

நரம்பு வியாதி, தசை வியாதி பார்க்கிற பிரிவு அது. ஊசி ரூமில் நோயாளியைக் கூப்பிடுவது, கைத்தாங்கலாகக் கட்டிலில் ஏற்றுவது, விரிப்பு மாற்றுவது, தரை துடைப்பது எல்லாம் அவர் வேலை. அதற்கு முன்னால் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்துக் கெண்டைக்கால் இன்னும் அப்படியே உருண்டு திரண்டு நின்றது. அந்தக் காலால்தான் அவருக்கு இந்தப் பெயரே வந்தது.

ஏற்கெனவே டாக்டரானவர்கள், இந்த வியாதிகளை மட்டும் தனியாகப் படித்துத் தேறுவதற்கு வருஷா வருஷம் அங்கே வந்து சேருவார்கள். வந்ததும் வராததுமாக நோயாளி மேல் ஊசி வைக்கப் பெரிய டாக்டர் விடமாட்டார். "மொதல்ல நல்ல தசை எப்படி இருக்கும்னு உங்க காதுக்குத் தெரியணும். அதைக் கேக்காதவனுக்குக் கெட்டது கேக்கவே கேக்காது" என்பார். நல்ல தசைக்கு எங்கே போவது? "நார்மல், காலை நீட்டுப்பா." அவ்வளவுதான். இவரும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஏறிப் படுத்துக்கொள்வார்.

முடி போல மெல்லிய ஊசி. அதிலிருந்து ஒயர் மெஷினுக்குப் போகும். தசைக்குள் நடப்பது திரையில் கோடாக ஓடும், ஒலிபெருக்கியில் சத்தமாக வரும். நல்ல தசை சும்மா இருக்கும்போது பேசாது. ஊசி போகும்போது ஒரு சின்னக் கரகரப்பு, அப்புறம் கப்சிப். காலை மடக்கினால்தான் உறுமும். கெட்ட தசை அப்படியில்லை, சும்மா கிடக்கும்போதே புலம்பும். ஒரு வகை, மோட்டார் பைக்கை முறுக்கி விட்டாற்போல எகிறி இறங்கும். இன்னொரு வகை, தகரக் கூரையில் தூறல் விழுவது மாதிரி.

அந்தத் தூறல் கேட்டால் பெரிய டாக்டரின் இடது கை தானாக ஒலிபெருக்கியின் திருகுக்குப் போகும். சத்தத்தைக் குறைத்துவிடுவார். "நோயாளி முன்னாடி மெஷினைப் பேச விடாதீங்க. நாமதான் பேசணும்" என்று படிக்க வந்தவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். குறைத்த பிறகு, தலையைத் தூக்காமலே, "நார்மல், இவங்க வீட்டுக்காரங்க வெளிய இருந்தா கூப்பிடு" என்பார். இவர் போய்க் கூப்பிடுவார். மனைவியோ மகனோ உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று அவர் கேட்டதில்லை. வெளியே வருகிற முகத்தைப் பார்த்தால் போதாதா?

இந்த வருஷம் வந்தவள் சின்னப் பெண். எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற சுபாவம்.

"வலிச்சா சொல்லுங்கண்ணே."

"எனக்கா? இந்தக் கால்ல ஊசி வெச்சுப் பழகினவங்க இன்னிக்கு ஊரெல்லாம் பெரிய டாக்டருங்க. கண்ணை மூடிட்டுக் குத்துங்க டாக்டரம்மா."

"கண்ணை மூடிட்டா? அப்ப எனக்குத்தான் பயமா இருக்கு."

குத்தினாள். கரகரத்தது. அடங்கும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அடங்கவில்லை. டப், டப்டப், டப். சன்னமாக, ஒழுங்கில்லாமல், விட்டு விட்டு.

"காலை லூசா விடுங்கண்ணே."

"லூசாத்தான் விட்டிருக்கேன்."

வேறு கரண்ட் சத்தம் வந்து கலக்கிறதோ என்று அவள் மின்விசிறியை நிறுத்தினாள். ட்யூப்லைட்டை அணைத்தாள். கைபேசியை வராந்தாவில் வைத்துவிட்டு வந்தாள். ஊசியை மாற்றி வேறு இடத்தில் வைத்தாள். அரை இருட்டில் தகரத்தில் தூறல் விழுந்துகொண்டே இருந்தது.

பெரிய டாக்டர் அன்றைக்கு வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அவளுக்கு மேல் வருஷம் படிக்கிறவனுக்குப் போன் போட்டாள். அவன் சிரித்தது கட்டில் வரைக்கும் கேட்டது. "நார்மல் கால்லயா? அப்ப மெஷின் காலி. அவரை வெச்சுத்தான் நாம மெஷினையே செக் பண்றது. மெஷின்காரருக்குச் சொல்லி விடு."

அதுதான் அந்த ரூமின் வழக்கம். மெஷினில் சந்தேகம் வந்தால் நார்மல் காலில் வைத்துப் பார்ப்பார்கள். அங்கே கப்சிப் என்றால் மெஷின் நல்ல மெஷின். எடைக்கல்லை யாராவது தராசில் வைத்துச் சந்தேகப்படுவார்களா?

"மெஷினுக்கு ஜலதோஷம், போய்ட்டு அடுத்த வாரம் வாங்க" என்று வராந்தாவில் காத்திருந்தவர்களை அவரே சிரித்துச் சிரித்து அனுப்பினார். படி இறங்கும்போது வலது கால் செருப்பு கழன்று நாலு படி முன்னால் போய் விழுந்தது.

கொஞ்ச நாளாகவே அந்தச் செருப்பு அவரை அலைக்கழித்துக்கொண்டிருந்தது. நடக்கும்போதே கழன்று பின்னால் நின்றுவிடும். ஒரு சைஸ் சின்னதாகப் புதுசு வாங்கினார். அதுவும் நிற்கவில்லை.

"செருப்பைக்கூட உங்களால பிடிச்சு வெச்சுக்க முடியல, இதுல என்னை எங்க வெச்சுக்கப் போறீங்க?" என்றாள் வீட்டுக்காரி.

"ரப்பர் சரியில்லடி. இப்ப வர்ற சாமானே அப்படித்தான்."

"ஆமா, ரப்பரு, சிமெண்டு, ஊர் உலகம், எதுவும் சரியில்ல. நீங்க மட்டும்தான் சரி."

"அதான் எனக்கு நார்மல்னு பேரு" என்று அவர் சொன்னார். வழக்கமாக இந்த இடத்தில் இரண்டு பேரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. நீட்டியிருந்த அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, உங்க காலு ஏன் இப்படித் துடிக்குது?"

குனிந்து பார்த்தார். கெண்டைக்காலின் தோலுக்கடியில் புழு நெளிகிற மாதிரி ஒரு அசைவு. இங்கே துடித்து, நின்று, அங்கே துடித்தது. அவர் சொல்லி அது துடிக்கவில்லை. கை வைத்து அழுத்தினார். கைக்கடியிலும் துடித்தது.

"ரொம்ப நடந்துட்டேன்" என்று சொல்லி வேட்டியை இழுத்து மூடிக்கொண்டார். மெஷின்தான், மெஷின்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மெஷின்காரர் வந்து சேர்ந்தார். தொந்தியும் வாயும் பெரிசு. ஒயரை மாற்றினார், எர்த்தைப் பிரித்துப் போட்டார், கையோடு கொண்டுவந்த சோதனைப் பெட்டியைச் சொருகிப் பார்த்தார். சத்தம் இல்லை.

"மெஷின் தங்கம், டாக்டரம்மா. இதுல ஒரு கோளாறும் கிடையாது."

"இல்ல சார், நார்மல் அண்ணா கால்ல சத்தம் வருதே" என்றாள் சின்ன டாக்டர்.

நார்மல் படுத்தார். இந்த முறை அவர் மாப்பிள்ளை மாதிரி ஏறவில்லை. வலது காலைக் கையால் தூக்கிக் கட்டிலில் வைத்ததை அவள் பார்த்துவிட்டாள். பார்த்ததை அவரும் பார்த்தார். ஊசி போயிற்று. தூறல் பிடித்துக்கொண்டது.

"அப்ப அவரு காலைத்தான் ரிப்பேர் பண்ணணும்!" மெஷின்காரர் தானே சொல்லித் தானே சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை. சிரிப்பு பாதியில் நின்றது. மெஷின் மேல் பழி வருகிறதே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. "சரி, என் கால்ல வெச்சுப் பாருங்க. ஊசின்னா எனக்கு உயிரே போயிடும், இருந்தாலும் பரவால்ல."

நார்மல் இறங்கி இடம் விட்டார். பழக்கதோஷத்தில் விரிப்பையும் மாற்றிப் போட்டார். மெஷின்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஊசி தொடும் முன்பே "ஐயோ" என்றார். அவள் புது ஊசியை எடுத்து வைத்தாள். கரகரப்பு.

அப்புறம் கப்சிப்.

எத்தனையோ வருஷமாக அந்த அமைதி நார்மலுடையதாக இருந்தது. இப்போது வேறொருவர் காலில் அது கிடக்கிறது. மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்டது. சின்ன டாக்டர் ஊசியை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நார்மல் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று எழுந்தார் மெஷின்காரர். பிறகு இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். சாமான்களை ஓசையில்லாமல் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

ஊரிலிருந்து திரும்பியிருந்த பெரிய டாக்டரை அவள் போய் அழைத்துவந்தாள். வரும்போது அவர் கேலியாகத்தான் வந்தார். "என்னப்பா நார்மல், மெஷினோட சண்டையாமே?"

"அது என்னவோ என்னைப் பாத்தா மட்டும் பேசுதுங்க."

பெரிய டாக்டர் உட்கார்ந்தார். அவரே ஊசி வைத்தார். வலது கால். தூறல். இடது கால். அங்கேயும் தூறல், கொஞ்சம் லேசாக. பிறகு கையில். பிறகு குப்புறப் படுக்கச் சொல்லி முதுகில். ஒவ்வொரு இடத்துக்கும் கேலி ஒரு படி இறங்கியது.

"திரும்பிப் படு. வாயைத் திற. நாக்கை நீட்டாத, உள்ளயே சும்மா வை."

டார்ச் அடித்துப் பார்த்தார். சின்ன டாக்டரையும் குனிந்து பார்க்கச் சொன்னார். இரண்டு பேரும் அவர் வாய்க்குள் நாக்கு துடிப்பதை ரொம்ப நேரம் பார்த்தார்கள். நார்மலுக்கு வாயை மூடத் தோன்றவில்லை. இந்தக் கட்டிலில் யார் யாரை வாயைத் திறக்கச் சொன்னார்கள், அவர்கள் அடுத்த முறை எப்படி வந்தார்கள், அதற்கடுத்த முறை யார் தூக்கி வந்தார்கள் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவர்களைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தியது அவருடைய இந்தக் கைகள்தான்.

"இன்னொரு தடவை" என்றார் பெரிய டாக்டர். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. மறுபடி வலது காலில் ஊசி. தகரம் நிறைய மழை.

நார்மல் கூரையைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை. பெரிய டாக்டரின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது முழங்காலின் மேல் கிடந்தது. அங்கேயே கிட, அங்கேயே கிட என்று மனசுக்குள் கெஞ்சினார். அது எழுந்தது. பாதி வழியில் கொஞ்சம் தயங்கியது. பிறகு போய்த் திருகைப் பிடித்துத் திருப்பியது.

சத்தம் நின்றது. திரையில் கோடு மட்டும் துள்ளிக்கொண்டே இருந்தது.

பெரிய டாக்டர் தலையைத் தூக்கவில்லை. எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய வாய், அதுவாகவே சொல்லிவிட்டது.

"நார்மல், இவங்க வீட்டுக்காரங்க வெளிய இருந்தா..."

அங்கே நிறுத்திக்கொண்டார். சின்ன டாக்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நார்மல் எழுந்து உட்கார்ந்தார். காலைக் கையால் எடுத்துக் கீழே வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டார். மெதுவாக நடந்து போய்க் கதவைத் திறந்து, எப்போதும் பார்ப்பதுபோல பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

"வெளிய யாரும் வரலீங்க டாக்டர்" என்றார்.

சொல்லிவிட்டுக் குனிந்தபோதுதான் கவனித்தார். வலது கால் வெறுங்காலாக நின்றது. செருப்பு எங்கேயோ வழியிலேயே கழன்றுவிட்டிருந்தது. கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை.