பித்தம் அறிந்த கை

மஞ்சள் காமாலையிலிருந்து தேறி வேலைக்குத் திரும்பிய பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றே காலுக்கு, தங்கையின் வலது கை முழங்கை வரை பச்சையாக ஒளிர்ந்தது. அப்போது அவள் ஒரு தையற்காரருக்கு இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். சன்னல் திறந்திருந்தது, வெயில் மேசைவரை வந்திருந்தது. அப்படியும் ஒளி தெளிவாகத் தெரிந்தது. நூலுக்கு நிறம் சொல்வதுபோல் இளம்பச்சை என்றார் தையற்காரர். ஊசி பிசகவில்லை. அவருடைய ஈரல் கெட்டிருக்கிறது என்று மறுநாள் அக்கா எழுதிய பரிசோதனை முடிவுத்தாளும் சொன்னது.

அந்தப் பச்சை அக்காவுக்குப் புதிதல்ல. அப்பா விட்டுப்போன பரிசோதனைக்கூடத்தில் முப்பத்தொரு வருடமாக அவள் பார்த்துவந்ததே அதைத்தான். நோயாளியின் சிறுநீரில் துத்தநாகக் கரைசல் சேர்த்து, வடிதாளில் வடித்து, இருட்டறையில் புற ஊதா விளக்கின் முன் பிடித்தால், பித்த நிறமி மிகுந்த குழாய் பச்சையாக ஒளிரும். எவ்வளவு பச்சை என்பதை அக்காவின் கண் சொல்லும். அவள் கையெழுத்திட்ட தாளை எந்த மருத்துவரும் திருப்பி அனுப்பியதில்லை. அப்பாவின் பெயர் அந்தத் தாளில்தான் நிற்கிறது என்று நம்பியவள், கரைசல் சிந்தியிருக்கும் என்று சொல்லித் தங்கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவ வைத்தாள்.

கழுவினாலும் ஒளி போகவில்லை. ஈரலோ பித்தப்பையோ கெட்டவரைத் தொட்டால் கை ஒளிர்ந்தது. மற்றவரிடம் சும்மா இருந்தது. இரண்டு வருடத்தில் ஒரு பிழை இல்லை. ரப்பர் உறை மாட்டச் சொன்னாள் அக்கா, உறைக்குள்ளும் ஒளிர்ந்தது. குழாய் கழுவும் அறைக்கு மாற்றினாள். நோயாளிகளின் வரிசையும் அங்கேயே போய் நின்றது. “சின்னவங்க தொட்டுட்டாப் போதும், பேப்பரை அப்புறமா வாங்கிக்கறேன்” என்று ஒரு பேருந்து ஓட்டுநர் சொன்ன அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே குத்தியதை அவள் ஆத்திரம் என்றே எடுத்துக்கொண்டாள்.

அறுவை மருத்துவர் நேரில் வந்து பார்த்தார். ஒரு வகை விலாங்கு மீனின் தசையில் பித்த நிறமி பட்டால் பச்சையாக ஒளிருமாம். அந்தச் சத்தைப் பிரித்தெடுத்து இரத்தத்தில் பித்தத்தை அளக்கிறார்களாம். இதுவும் அதுபோல இருக்கலாம் என்றார்.

“என் தங்கச்சி மீன் இல்ல, டாக்டர்” என்றாள் அக்கா.

அதன்பின் பதினோரு பிற்பகல்கள், கதவைத் தாழிட்டு, தன் வலது கையில் துத்தநாகக் கரைசலைப் பூசிக்கொண்டு விளக்கின் முன் உட்கார்ந்திருந்தாள். ஒளி வரவில்லை, வந்தது சிரங்கு மட்டுமே. பன்னிரண்டாம் நாள் தங்கை களிம்பு எடுத்து அந்தக் கையில் தடவினாள். தடவிய கை தோள்வரை ஒளிர்ந்தது. சட்டென்று முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

“எதுக்கு மறைக்கிற? பெருமையா இருக்கா?”

“இல்லக்கா. பயமா இருக்கு.”

அக்கா தன் சிறுநீரை ஐந்து முறை சோதித்தாள். ஐந்து முறையும் குழாய் இருண்டே கிடந்தது. நோய் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும்: கை பொய் சொன்னது என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், வரிசை தாளுக்கே திரும்பிவிடும். பேனாவைத் திறந்துவைத்து நாலரை மணிவரை உட்கார்ந்திருந்தாள். தங்கை அடுத்த அறையில் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. அக்கா எழுதினாள்: சோதனையில் தெரியவில்லை, கையில் தெரிகிறது. கீழே கையெழுத்திட்டு அறுவை மருத்துவருக்கு அனுப்பினாள். அவர் அந்தத் தாளையும் திருப்பி அனுப்பவில்லை. அக்காவின் பித்தக் குழாயில் பயறளவு முளைத்திருந்த கட்டியை வெட்டி எடுத்தார்.

வீடு திரும்பிய மாதமே அக்கா புது முடிவுத்தாள் அச்சடித்தாள். பித்த நிறமி என்ற வரிக்குக் கீழே இப்போது கை என்று ஒரு வரி இருக்கிறது. தங்கையின் நாற்காலி முன்னறைக்கு வந்துவிட்டது. எவ்வளவு பச்சை என்பதை மட்டும் அக்காதான் பார்த்து எழுதுகிறாள். தங்கைக்கு அந்தக் கண் கிடையாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். அக்கா எழுதி முடிக்கும்வரை தங்கை கையை அசைக்காமல் பிடித்திருக்கிறாள்.