கிழித்த நோட்டு

பதினேழாவது பெட்ஷீட்டை மேசைமேல் விரித்தபோது மணி மூன்று ஆகியிருந்தது. ஜூலி ஒரு கையால் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டே மறு கையால் சுருக்கத்தை நீவினாள். மேலே கம்பியில் தொங்கிய பாட்டிலிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் பெட்டிக்குள் இறங்கி, உஸ்ஸென்று ஆவியாகித் துணியில் பட்டது. கெஸ்ட் ஹவுசின் பின்கட்டில் தகரக் கூரை போட்ட அறை அது. முன்வாசல் மஞ்சள் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள் யாரும் இந்தப் பக்கம் வந்ததில்லை.

சம்பள நாள். மாடியில் மானேஜர் கலியபெருமாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சமையல்காரர் போய் வந்துவிட்டார். ரூம் கூட்டுகிறவர்களும் போய் வந்துவிட்டார்கள். ஜூலியின் பெயர் இன்னும் வரவில்லை.

"ஏண்டி, அந்த பெட்ஷீட்ட எத்தன தடவதான் தேய்ப்ப? கெஸ்ட் படுத்தா வழுக்கி வுழுந்துடப் போறான்," என்றாள் செல்வாம்பாள். அவள் ஊறப்போடும் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு தலையணை உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "இது இன்னா, சாம்பாரா?"

ஜூலி திரும்பிப் பார்த்தாள். "மாம்பழம்க்கா. சுடுதண்ணில போட்டுடாத, கற நின்னுடும்."

கறை விஷயத்தில் ஜூலியை அடிக்க ஆள் கிடையாது. சாம்பார், மருதாணி, வெயிலுக்குப் பூசுகிற கிரீம், எதுவானாலும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள்.

"இன்னிக்கி நீ மகாராணி. முழுச் சம்பளம். எங்கள மாதிரியா?" என்றாள் செல்வாம்பாள். அவளுக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்கு அட்வான்ஸ் பிடித்தம் பாக்கி இருந்தது.

ஜூலிக்கு நாற்பது மாதம் பிடித்தார்கள். கணவன் விக்டர் பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து அவன் தொடையில் கம்பி வைத்தபோது, தண்டல்காரனிடம் வட்டிக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. கெஸ்ட் ஹவுஸ் முதலாளி ஒரு லட்சத்து இருபதாயிரம் கொடுத்து அதை அடைக்கச் சொன்னார். எல்லாரும் அவரைப் பிரெஞ்சுப் பாணியில் முசியே என்பார்கள். வருஷத்தில் பாதி பாரிசில் இருப்பார். வட்டி வேண்டாம், வேலையை விட்டுப் போகக் கூடாது என்றார். அன்றைக்கு அவர் தெய்வமாகத்தான் தெரிந்தார். பதினோராயிரம் சம்பளத்தில் மாதம் மூவாயிரம் பிடித்தம். அதைக் கலியபெருமாள் ஒரு சின்ன நோட்டில் எழுதி வந்தார்.

போன மாதம் கடைசித் தவணை முடிந்த அன்று அவர் அந்த நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "உன் கையாலயே கிழிச்சுடு ஜூலி. கடன் தீந்தா கிழிச்சுடணும், வெச்சிருக்கக் கூடாது," என்றார். அவள் இரண்டாகக் கிழித்தாள், நாலாகக் கிழித்தாள், ஆசை தீரப் பொடிப்பொடியாகக் கிழித்தாள். செல்வாம்பாள் கை தட்டினாள். ஜூலி ஓடிப்போய் ஒரு கிலோ ஜிலேபி வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தாள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற கலியபெருமாள் இனிப்பைத் தொடவே மாட்டார். அன்றைக்கு மட்டும் அவள் மனசு கோணக் கூடாதென்று இரண்டு தின்றார்.

"ஜூலி!" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஏறினாள். கலியபெருமாள் ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்துக் கவரைக் கொடுத்தார். அவள் எண்ணினாள். பதினாறு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். மறுபடி எண்ணினாள்.

"சார், மூவாயிரம் கொறையுது."

"இன்னா கொறையுது?"

"அட்வான்ஸ் போன மாசத்தோட முடிஞ்சிபோச்சே சார்."

"முடிஞ்சிபோச்சு. நான் ஒரு ரூபா புடிக்கலியே." அவர் பேனாவால் ரிஜிஸ்டரைத் தட்டினார். "எட்டாயிரம். போன மாசமும் எட்டாயிரம், அதுக்கு முன்ன மாசமும் எட்டாயிரம். எல்லாம் உன் கையெழுத்துதான?"

"அது புடிச்சது போவ கைல வாங்குறது சார். நீங்கதான அப்புடி எழுதுனீங்க. சம்பளம் பதினோராயிரம்னு நோட்டுல மொதப் பக்கத்துலயே எழுதியிருந்துச்சே."

"எந்த நோட்டு?" என்றார் கலியபெருமாள்.

அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி தாழ்ந்த குரலில் பேசினார்.

"நான் இன்னா பண்றது? முசியே போன் பண்ணி கேக்குறாரு. மூணு வருசமா எட்டாயிரத்துல நடந்த வேலைக்கி இப்ப எதுக்குப் பதினொண்ணுன்றாரு. நானும் சம்பளக்காரன்தான். அவசரம்னா சொல்லு, அட்வான்ஸ் போட்டுத் தரேன். உனக்கு இல்லாததா?"

அவள் கையெழுத்துப் போடாமல் நின்றாள். கீழே மெஷின் சுற்றி முடித்து மணியடித்தது. கவரைத் திருப்பி வைத்துவிட்டால் அந்த எட்டாயிரமும் எப்போது வரும் என்று தெரியாது. குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

குருசுக்குப்பத்தில் அவர்கள் இருந்தது ஒரே அறை. நாலு குடும்பத்துக்கு ஒரு பாத்ரூம், அதற்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. குளிக்கிறவர்கள் கதவில் வாளியை முட்டுக்கொடுப்பார்கள். மகள் மெரின் வயசுக்கு வந்த வாரமே அவளைப் பாகூரில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கடன் முடிந்ததும் கூட்டி வந்துவிடுகிறோம் என்று சொல்லிச் சொல்லி மூன்று கிறிஸ்துமஸ் போய்விட்டது.

இந்தத் தடவை சும்மா சொல்லவில்லை. ரெட்டியார்பாளையத்தில் குஞ்சம்மாள் என்பவர் வீட்டின் பின் போர்ஷனைப் பேசி முடித்திருந்தார்கள். ஒரு ரூம், சமையல்கட்டு, தனி பாத்ரூம். பார்க்கப் போன அன்று ஜூலி அந்தப் பாத்ரூமுக்குள் நின்று தாழ்ப்பாளை நாலு தடவை போட்டுத் திறந்து பார்த்தாள். வீட்டு அட்வான்சில் பாக்கி ஆறாயிரம். ஞாயிற்றுக்கிழமைக்குள் தராவிட்டால் வேறு ஆள் காத்திருக்கிறார்கள், கொடுத்த பணமும் திரும்பாது என்று குஞ்சம்மாள் கறாராகச் சொல்லியிருந்தார். விக்டரிடம் மூவாயிரம் இருந்தது. எட்டாயிரம் வீட்டுச் செலவுக்கே சரியாகிவிடும். மீதி மூவாயிரம் ஜூலியின் முழுச் சம்பளத்திலிருந்து வரவேண்டியது. மாசா மாசம் வாடகையும் அதை நம்பித்தான்.

அபார்ட்மென்ட் வாட்ச்மேன் உடுப்போடு விக்டர் கட்டிலில் உட்கார்ந்து தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டு எழுந்தவன், கால் பிடிக்காமல் மறுபடி உட்கார்ந்தான்.

"அந்த நோட்டு எங்க?"

"கிழிச்சிட்டேனே. உங்களாண்ட சொன்னப்ப நீங்களும்தான சிரிச்சீங்க."

"லேபர் ஆபீசுக்குப் போலாமா?"

"போயி என்னத்தக் காட்டுறது? அவுங்ககிட்ட என் கையெழுத்து நாப்பது இருக்குது. என்கிட்ட இன்னா இருக்குது?"

அந்த நேரம் பார்த்து மெரினின் போன் வந்தது. ஜூலி குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"அம்மா, டீசி வாங்கியாச்சி. பெரியம்மா பையெல்லாம் கட்டிட்டாங்க. அந்த பாத்ரூம்ல நெஜமாவே தாப்பா இருக்குதா?"

"இருக்குதுடி."

"உள்பக்கமா?"

"உள்பக்கம்தான். புதுசு."

"அப்போ ஞாயித்துக்கெழம காலைலயே பஸ் ஏறிடட்டுமா?"

ஜூலி விக்டரைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். "ஏறிடு கண்ணு," என்றாள்.

மறுநாள் சலவை அறையில் அவள் செல்வாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எனக்குப் பதினோராயிரம்னு உனக்குத் தெரியும். கூட வந்து ஒரு வார்த்த சொல்லுக்கா. நாளைக்கி உனக்கும் இதத்தான செய்வாங்க?"

செல்வாம்பாள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பிளீச்சில் வெடித்த அவள் விரல்கள் ஜூலியின் கைக்குள் ஈரமாக இருந்தன. "என் நோட்டு அவுரு டிராயர்ல இருக்குதுடி," என்றாள். "மீதிக் கடன் மொத்தத்தையும் கீழ வெச்சிட்டுப் பேசுன்னா நான் எங்க போவேன்?" மறு கையால் ஒரு துணியை வாளிக்குள் அமுக்கியபடி, "என்னத் திட்டிக்கோ," என்றாள். ஜூலி திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும்.

இரண்டு நாள் மத்தியானச் சோற்று நேரத்தில் பக்கத்துத் தெருக்களில் கேட்டுப் பார்த்தாள். ஒரு இடத்தில் ஏழாயிரம் என்றார்கள். இன்னொரு இடத்தில் நம்பர் எழுதி வைத்துக்கொண்டார்கள். குஞ்சம்மாள் போன் செய்து, ஞாயிறு சர்ச் பூசை முடிந்து வருகிறாயா, முன்னாடியே வருகிறாயா என்று கேட்டார். பூசை முடிந்து என்று ஜூலி சொன்னாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசி பெட்ஷீட்டையும் மடித்து வைத்துவிட்டு மாடி ஏறினாள். கலியபெருமாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"அட்வான்ஸ் வேணும் சார்."

"எவ்ளோ?"

"மூவாயிரம்."

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். மேல் டிராயரைத் திறந்து ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணி வைத்தார். பிறகு கீழ் டிராயரை இழுத்து, அடுக்கியிருந்தவற்றிலிருந்து ஒரு நோட்டை உருவினார். பழையதைப் போலவே சின்ன நோட்டு. அட்டையில், 'ஜூலி, சலவை' என்று அவருடைய உருண்டைக் கையெழுத்தில் எழுதியிருந்தது.

"மாசம் ஐந்நூறு புடிச்சுக்கிறேன். கஷ்டம் தெரியாது," என்று சொல்லி, முதல் பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தார். சம்பளம் என்று எழுதி எட்டாயிரம் என்று போட்டார். கீழே அன்றைய தேதியைப் போட்டு மூவாயிரம் என்று எழுதினார். நோட்டை அவள் பக்கம் தள்ளினார்.

ஜூலி கையெழுத்துப் போட்டாள். பணத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நோட்டை மூடித் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அட்டையின் ஓரத்தைக் கவனித்தாள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு விரல் ரேகை, ஆரஞ்சு நிறத்தில், காய்ந்து பளபளவென்று ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி எண்ணெய் பரவிக் காகிதம் கண்ணாடியாகியிருந்தது. அவள் கட்டைவிரலால் அதைத் தேய்த்தாள். பிசுபிசுத்தது.

போன மாதத்து ஜிலேபிப் பாகு.

"இன்னா பாக்குற?" என்றார் கலியபெருமாள்.

"ஒண்ணுமில்ல சார்," என்று சொல்லிவிட்டு, விரலைப் புடவையில் துடைத்தபடியே அவள் படியிறங்கினாள்.