சாவியால் ஒரு தட்டு

சவப்பெட்டியின் தலைமாட்டில் காசிமீரோவின் மனைவி எர்மீலியா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வலப்புறம் அவளுடைய தங்கைகள் இருவரும் ஒரே பெஞ்சில். கால்மாட்டில் பாதிரியாருக்குப் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. சுவரோரம் கற்களின் மேல் பலகை போட்டு, குவாரி ஆட்கள் ஒன்பது பேர் கோக்கா இலை மென்றுகொண்டிருந்தார்கள். நடுவில் பருத்த பாஸ்குவால். எர்மீலியாவின் மகன் ரூபேன் வரவில்லை. தெற்கே செம்புச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவன். 'லீவு கிடைக்கவில்லை. எப்படி நடந்தது என்று எழுதுங்கள்' என்று தந்தி மட்டும் வந்திருந்தது.

இறந்த காசிமீரோவின் தம்பி ஏவரிஸ்தோ கதவோரம் உட்கார்ந்திருந்தான். யார் எங்கே என்று எண்ணுவது அவனுக்கு வகுப்பறையில் வந்த பழக்கம். தான் பெட்டியின் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பதைக் கடைசியாகத்தான் கவனித்தான். எழுந்து மாறினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று அப்படியே இருந்துவிட்டான்.

"மேல பாருடான்னு கத்தினேன்," என்றான் பாஸ்குவால். "வலது பக்கம் திரும்பிப் பார்த்தான். கல்லு இடது பக்கமா வந்துச்சு."

"இடது கண்ணுதான் அவனுக்கு இல்லையே," என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"ரெண்டு கண்ணும் இருந்தப்ப மட்டும் நான் சொன்னதைக் கேட்டானாக்கும். அந்தக் கண்ணையும் அவனேதான கெடுத்துக்கிட்டான். சம்மட்டியைக் கோணலா போட்டேன், சில்லு தெறிச்சிருச்சுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். முப்பது வருஷம் கல்லு உடைச்சவன் கோணலா போட்டானாம்."

"திங்கட்கிழமையா இருந்திருக்கும். ஞாயித்துக்கிழமை குடிச்சது இறங்கியிருக்காது," என்றான் இன்னொருவன்.

சிரித்தார்கள். எர்மீலியாவின் உதடும் லேசாக அசைந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க வாத்தியாரே," என்று பாஸ்குவால் அவன் பக்கம் திரும்பினான். "உங்களைப் பத்தி எப்பவும் பெருமைதான் அவனுக்கு. எங்க கையெல்லாம் கல்லுமாவு, என் தம்பி கையில வெள்ளைன்னா அது சாக்பீஸ் மட்டுந்தான்னுவான்."

ஏவரிஸ்தோ கைகளை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அண்ணன் எழுதிய கடிதம் அவனுக்கு மனப்பாடம். 'குட்டைப் பிடிச் சம்மட்டி ஒன்று வேண்டும். நல்ல எஃகு உங்கள் மோயெண்டோ துறைமுகத்தில்தான் இறங்குகிறது. தலை மூன்று கிலோ. பெயிண்ட் பூசியதை வாங்காதே, அடியில் இருப்பது தெரியாது. பிடியில் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் முறியும். முக்கியமாக, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுச் சாவியால் தட்டிப் பார். மணிபோல நீண்டு ஒலித்தால் உலையில் அடித்த எஃகு. சட்டென்று அடங்கினால் வார்ப்பு. அது கல்லை உடைக்காது, தானே உடையும். கயிறும் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன்.'

கயிறு பையில் இருந்தது. ஆனால் கடையில் தலைமையாசிரியரும் நின்றிருந்தார், கதவுக்குப் பூட்டு வாங்க வந்தவர். அவரிடம் தன் குடும்பத்தாருக்குக் கட்டடத் தொழில் என்று சொல்லி வைத்திருந்தான். டையும் கோட்டுமாகச் சம்மட்டியைத் தொங்கவிட்டுக் காது கொடுத்துக் கேட்பதா? பைக்குள் போன கை வெறுமனே திரும்பி வந்தது. சிவப்புப் பெயிண்ட் பூசிய ஒன்றைக் காட்டி, அது போதும் என்றான்.

"என்ன, ஸ்கூலை இடிக்கப் போறீங்களா?" என்றார் தலைமையாசிரியர்.

"தோட்ட வேலைக்கு, சார்."

அன்று மாலை அந்தக் கயிற்றையே சம்மட்டியின் கழுத்தில் கட்டிப் பார்சல் அனுப்பினான். 'நீ சொன்னபடி தட்டிப் பார்த்தேன். மணிபோல ஒலித்தது' என்று எழுதினான்.

மூன்று வாரம் கழித்து, வேறு யாரோ எழுதித் தந்த கடிதம் வந்தது. 'கோணலாக அடித்துவிட்டேன், கண் போய்விட்டது. சம்மட்டி மேல் குற்றமில்லை.' அந்தக் கடைசி வரியை ஏவரிஸ்தோ நம்பினான். நம்ப வேண்டியிருந்தது.

"தம்பி," என்று எர்மீலியா அருகில் வந்தாள். "மூணு மணி பஸ்ல ரூபேனுக்குக் கடுதாசி போயிரணும். நீங்க எழுதினாத்தான் சரியா இருக்கும். பின்னாடி அறையில மேஜை இருக்கு."

பின்னறையில் உளிகளும் ஆப்புகளும் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. விட்டத்திலிருந்து அந்தச் சிவப்புச் சம்மட்டி தொங்கியது. அதன் அடிமுகத்தில் நகத்தளவு சில்லு பெயர்ந்திருந்தது. கட்டியிருந்தது அதே கயிறு.

"இதை ஏன் தொங்கவிட்டிருக்காரு அண்ணி?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தன்னிக்கு, கண்ணுல கட்டோட மாட்டினாரு. சாவியால ஒரு தட்டு தட்டினாரு. அப்புறம் தொடவே இல்ல. தூக்கிப் போடவான்னு கேட்டா, கிடக்கட்டும்பாரு."

அவள் காபி எடுக்கப் போனாள். ஏவரிஸ்தோ தன் வீட்டுச் சாவியை எடுத்து ஒரு முறை தட்டினான்.

ஈரச்சுவரில் விரல் முட்டியது போல ஓசை எழுந்த இடத்திலேயே அடங்கியது. முன்னறையில் பேச்சு நின்றது. பாஸ்குவால் பின்னறை வாசற்படிக்கு வந்தான். சம்மட்டியைப் பார்த்தான், சாவியைப் பார்த்தான்.

"வார்ப்பு," என்றான். "இதை வெச்சா அடிச்சான்? யார் வாங்கினது?"

"அவரேதான்," என்றாள் காபியோடு வந்த எர்மீலியா. "சந்தையில ஏமாந்துட்டேன்னாரு."

"காசிமீரோவா? தட்டிப் பார்க்காமயா?"

பாஸ்குவாலின் பார்வை ஏவரிஸ்தோ மேல் வந்து நின்றது. ஏவரிஸ்தோ இரண்டு கைகளாலும் கோப்பையை வாங்கிக்கொண்டான்.

"சர்க்கரை சரியா இருக்கு அண்ணி," என்றான். இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

அவர்கள் போனதும் எழுத உட்கார்ந்தான். தேதி, ஊர், யார் யார் வந்திருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள். கல் இடப்பக்கமாக வந்தது. அடுத்த வரி, 'உன் அப்பா முன்பு தன் கவனக்குறைவால் இழந்த கண்' என்று கை தானாகவே ஓடியது. அந்த இடத்தில் நிறுத்தினான். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

இன்னொரு தாளில் முதலிலிருந்து எழுதினான். இடப்பக்கம் என்ற சொல் வந்ததும், அண்ணனின் பழைய கடிதத்தை ஒரு வரி விடாமல் எழுதினான். அதன் கீழே: 'இதில் எதையும் நான் செய்யவில்லை. செய்ததாக எழுதினேன். உன் அப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது; அவரிடம் இன்று நானே சொல்கிறேன்.'

கையெழுத்துப் போட்டான். நாற்காலி மேல் ஏறிச் சம்மட்டியை இறக்கி, கயிற்றை அவிழ்த்து, இரண்டு விரலில் சுற்றி உறைக்குள் வைத்தான். மூடி சரியாகப் படியவில்லை. இரண்டு முறை நாக்கால் தடவி, விரல் முட்டியால் அழுத்தினான்.

முன்னறையில் பெட்டியை மூடியிருந்தார்கள்.

"வாத்தியாரே, தூக்கணும். உங்களுக்கு எந்தப் பக்கம் விடுறது?" என்றான் பாஸ்குவால்.

"இடது பக்கம். இதோ வந்துடறேன்."

இறக்கத்தில் பஸ் நின்றிருந்தது. டிரைவர் உறையை வாங்கி, நடுவில் புடைத்திருந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தான்.

"உள்ள என்ன?"

"கயிறு."

டிரைவர் தோளைக் குலுக்கினான். கடிதத்தைக் கண்ணாடிக்கு மேலே செருகிவிட்டு வண்டியை எடுத்தான்.