பேராசிரியரின் முதுகு

"இந்தக் களிம்பு எந்தத் தோலையும் ஒன்றும் செய்யாது" என்று மேடைக்கு மேடை முழங்கி, அங்கேயே அதைக் கையில் பூசிக்காட்டிக் கைதட்டல் வாங்குவதுதான் தோல் மருத்துவப் பேராசிரியரின் வழக்கம். அவருடைய ஆராய்ச்சியின் முடிவும் அதுதான், பிழைப்பும் அதுதான். அந்தக் கைகளில்தான் இப்போது விரலிடுக்கெல்லாம் வெடித்து அரித்தது.

ஆஸ்பத்திரியில் சோதித்துக்கொண்டால் மாணவர்களே சிரிப்பார்கள். அதனால் எது ஒவ்வவில்லை என்று பார்க்க, கையில் படுகிற பொருள்களை ஒவ்வொன்றாக ஒட்டுப்பட்டையில் வைத்து, வீட்டிலேயே மனைவியைத் தன் முதுகில் ஒட்டச் சொன்னார். இரண்டு நாள் குளிக்கவில்லை. ஊரார் முதுகையெல்லாம் படித்தவருக்குத் தன் முதுகு மட்டும் கண்ணுக்கு எட்டவில்லை. மாநாட்டுக்குக் கிளம்பும் காலையில் மனைவிதான் பிரித்துப் பார்த்தாள்.

"சோப்பு சும்மா இருக்கு. கையுறையும் ஒண்ணும் பண்ணல. உங்க களிம்புதான் தக்காளி மாதிரி செவந்து கொப்புளிச்சிருக்கு."

"நல்லாப் பாரு. பட்டை இழுத்த சிவப்பா இருக்கும்."

"பட்டை எல்லாத்தையும்தானே இழுத்துச்சு? இன்னிக்கு மேடையில சொல்லிடுங்க."

"சொன்னா, இத்தனை வருஷமா நான் பேசினது என்னாகும்?"

"சொல்லலேன்னா கை என்னாகும்?"

அவர் சட்டையை மாட்டினார்.

மாநாட்டுத் தலைவர் புகழ்ந்து தீர்த்துவிட்டு, வழக்கம்போலக் களிம்பைத் தட்டில் வைத்து நீட்டினார். அரங்கமே அவர் கையைப் பார்த்தது. பேராசிரியர் தாராளமாகப் பிதுக்கி, வெடிப்புகள் மறையும்படி தேய்த்தார். கைதட்டல் காதைப் பிளந்தது. எரிச்சல் முழங்கை வரை ஏற, மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு புன்னகைத்தார்.

"சார், படம் சரியா விழல," என்றார் புகைப்படக்காரர். "இன்னொரு தடவை பூசுங்க."

பேராசிரியர் மறுபடியும் மூடியைத் திறந்தார்.