இடது பக்கம்

ஆல்பத்தின் முதல் பக்கத்தைக் கூடப் பார்க்காமல் மூடி, கட்டிலில் வைத்தாள் அன்னக்கொடி. “எனக்கு வீடியோதான் வேணும்” என்றாள்.

அண்ணன் காளை அப்போதுதான் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து செக்கானூரணியில் இறங்கி, வெயிலில் நடந்து வந்திருந்தான். டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு ஸ்டூடியோக்காரரிடம் கெஞ்சி, மாதிரிக்கு அந்த ஆல்பத்தை வாங்கி வந்திருந்தான். கலர் படங்கள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியவன் அப்படியே திரும்பினான்.

“ரெண்டும் வைக்க நமக்குக் கட்டுப்படியாகாது. ஒண்ணுதான். அது போட்டோதான்.”

“அப்ப ஒண்ணுமே வேணாம்.”

“நீ யாருடி அதைச் சொல்ல?”

“கல்யாணம் எனக்குத்தானே?”

அந்த வருடம்தான் அவர்கள் ஊர்ப்பக்கத்துக் கல்யாணங்களுக்கு வீடியோ வர ஆரம்பித்திருந்தது. கண்ணைக் கூசவைக்கும் விளக்கை ஒருவர் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் கருவியைத் தோளில் வைத்துக்கொண்டு பந்தி வரைக்கும் நடந்தார். வீடியோ எடுத்தால் கௌரவம் என்று ஊரே பேசியது. அன்னக்கொடிக்குக் கௌரவம் ஒரு பொருட்டில்லை. காளைக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் அவனுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

ஆறு வயதில், மாட்டுக்குக் கொள்ளு அவித்த பானை சரிந்து அவள் இடது கன்னம் வெந்துபோனது. காதுக்குக் கீழிருந்து தாடை வரைக்கும் தோல் சுருங்கி, வெயிலில் காய்ந்த களிமண் போல வரிவரியாக இருக்கும். வலது பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவளும் மறந்துதான் இருந்தாள், அந்தப் போட்டோ வரும்வரை.

மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது காளை அவளை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனான். போட்டோக்காரர் அவளைச் சற்றுத் திருப்பி உட்காரவைத்து, பிறகு நெகட்டிவில் பென்சிலால் ஏதோ செய்தார். வந்த படத்தில் வேறு ஒருத்தி இருந்தாள். அன்னக்கொடியின் சேலையைக் கட்டிக்கொண்டு, அவள் மூக்கோடும் கண்ணோடும், வழவழவென்ற இரண்டு கன்னங்களோடு. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆனையூரிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. அவள் காப்பித் தட்டோடு வெளியே வந்ததும் பேச்சு நின்றது. பையனின் தாய் பையனைப் பார்த்தாள். காப்பியை யாரும் தொடவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது அந்தம்மாள் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது: “இது போட்டோவுல உள்ள பொண்ணு இல்ல.”

அன்று அந்த ஆறிய காப்பியை அன்னக்கொடிதான் கொண்டுபோய்க் கொட்டினாள்.

இப்போது நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை, பரவை ஊர்க்காரன் மொக்கையன், அப்படி வந்தவன் இல்லை. அழகர்கோவிலில் தூரத்து உறவில் ஒரு குழந்தையின் முடியிறக்கில் அவளை நேரில் பார்த்தான். காய்கறி மார்க்கெட்டில் தரகுக் கடையில் வேலை. அதிகம் பேசமாட்டான். சம்மதம் என்று மட்டும் சொல்லியனுப்பினான். ஆனால் அவன் அம்மா ஒச்சாயிக்கும் போட்டோதான் வேண்டியிருந்தது. “வீட்டுல மாட்டுறதுக்கு லச்சணமா ஒரு படம் வேணும்ல” என்று அவள் சொன்னதை, யாரையும் குறை சொல்லாததுபோல் காளை வந்து சொன்னான்.

“லச்சணமான்னா என்ன அர்த்தம்?” என்று கேட்டாள் அன்னக்கொடி.

“அர்த்தம் உனக்குத் தெரியும்.”

“நீ வாயால சொல்லு.”

காளை ஆல்பத்தைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். அதன் முதுகு பிளந்து படங்கள் தரையில் சிதறின. அம்மா சீனியம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். “அடுத்தவக சாமான்டா” என்றாள். பிறகு நிமிராமலே, “அவ கேக்குறதை வச்சுவிடு. மனையில உக்கார மாட்டேன்னுட்டா என்ன செய்வ?” என்றாள்.

வீடியோ என்று முடிவானது. அதற்குப் பின் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அவன் சாப்பிட உட்கார்ந்தால் அவள் எழுந்து போனாள். பத்திரிகை வந்தபோது அம்மா கையில் கொடுத்து, “அவகிட்டக் காட்டு” என்றான். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு ‘அவ’, ‘அது’ என்றே இருவரும் ஒருவரையொருவர் சொன்னார்கள்.

கல்யாணத்தன்று காலையில் காளையின் மனைவி மாயக்காள் அலங்காரம் செய்தாள். கொண்டையிலிருந்து மல்லிகைச் சரத்தை இரண்டு இழையாக இடது கன்னத்தின் மேல் தொங்கவிட்டு, ஊசி குத்தினாள். “உங்க அண்ணன்தான் சொன்னாரு” என்று முணுமுணுத்தாள். அன்னக்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள். பூதானே, காற்றில் விலகிவிடும் என்று நினைத்தாள்.

வீடியோ எடுக்க வந்தவர் ஜனகராஜ், மதுரைக்காரர். மரியாதையான ஆள். தாலி கட்டி முடிந்து, பெரியவர்கள் வரிசையாக வந்து திருநீறு பூசத் தொடங்கிய பிறகுதான் அன்னக்கொடி கவனித்தாள். விளக்கு அவள் வலது பக்கத்தை விட்டு நகரவே இல்லை. கூட்டம் இடித்தபோதும் ஜனகராஜ் அங்கேயே கால் ஊன்றி நின்றார்.

“அண்ணே, இந்தப் பக்கமும் வாங்க.”

“இல்லம்மா, இப்படித்தான் நல்லா விழும்.”

“யாரு சொன்னா?”

அவர் கண் ஒரு விநாடி கூட்டத்தில் யாரையோ தேடியது. “உங்க அண்ணன் சொல்லியிருக்காரும்மா. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க.”

அவள் எழுந்தாள். மாலை கனத்தது. பக்கத்தில் மொக்கையன் தாழ்ந்த குரலில், “எல்லாரும் பாக்குறாங்க” என்றான்.

“பாக்கட்டும்னுதான்.”

கன்னத்தின் மேல் தொங்கிய சரத்தைப் பிடித்து இழுத்தாள். ஊசியோடு சேர்ந்து கொஞ்சம் முடியும் வந்தது. முகத்தை விளக்குக்கு நேராகத் திருப்பினாள். “எடுங்க” என்றாள். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஒச்சாயி மேடையோரத்திலிருந்து, “உக்காருத்தா, என்ன கூத்து இது?” என்று பல்லிடுக்கில் சொன்னாள். ஜனகராஜ் தயங்கி, பிறகு மெல்ல நடந்து இடப்பக்கம் வந்தார். வெளிச்சம் கன்னத்தில் சுட்டது. அவள் கண் சிமிட்டாமல் நின்றாள்.

பெண்ணை அனுப்பிவைக்கக் காளை வரவில்லை. பின்கட்டில் பாத்திரம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். மறுவீட்டுக்குப் போனபோது அவன் வயலுக்குப் போயிருந்தான்.

கேசட் வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மொக்கையன் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துவந்தான். வேண்டாம் என்று ஒச்சாயி சொல்லிப் பார்த்தாள். கதவைச் சாத்தினாலும் தெரு விடாது. கூடம் நிறைந்தது. பெண்கள் தங்களைக் கண்டு சிரித்தார்கள், யார் கட்டியிருப்பது யார் சேலை என்று பேசினார்கள். பிறகு அந்த இடம் வந்தது. அன்னக்கொடியின் முகம் டிவி முழுக்க இருந்தது. கூடத்தில் சிரிப்பு அடங்கியது. யாரோ ஒருத்தி உச்சுக்கொட்டினாள்.

“அதை ஓட்டிவிடுப்பா” என்றாள் ஒச்சாயி.

மொக்கையன் டெக்குக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். “கெடக்கட்டும்” என்றான். தாய் அவனை முறைத்தாள். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அன்னக்கொடி தன் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்த முகம். ஜனகராஜ் இடப்பக்கம் வந்ததால் அவளுக்குப் பின்னால் மண்டபத்தின் ஒரு தூண் தெரிந்தது. தூணோரம் காளை நின்றிருந்தான். அவன் அங்கே நின்றதை அன்று அவள் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான், சண்டைக்கு நிற்பவன்போல. தங்கையை அவன் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முகமாக, ஒவ்வொரு வரிசையாக, எவன் வாயைத் திறக்கப்போகிறான் என்று தேடுவதுபோல. தாடை இறுகித் தளர்ந்து மறுபடி இறுகியது.

அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். படத்தில் அவள் மறுபடி மனையில் உட்கார, விளக்கு அவளைத் தாண்டி அவள் முதுகுக்குப் பின்னால் தூணுக்குப் போனது. காளையின் கண்கள் கூசிச் சுருங்கின. ஈரமாக இருந்ததா, வெளிச்சமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவன் ஏதோ கத்தினான், மறுபடி தொடங்கியிருந்த மேளச் சத்தத்தில் அது கேட்கவில்லை. அடுத்த நொடி பாய்ந்து வந்து கருவியை நோக்கிக் கையை நீட்டினான். டிவியை மூடிக்கொண்டு அவன் உள்ளங்கை வந்தது, விரல்களின் ஓரங்களில் மட்டும் சிவப்பாக வெளிச்சம் கசிந்தபடி.