இறுதி ஆட்டத்தில் உடைந்த கை

பல்கலைக்கழக அரங்கில் எல்லோருக்கும் அவள் சாவியக்கா. பதினாறு கதவுகள், மடக்கிச் சுவரோடு தள்ளிவிடும் இருக்கை வரிசைகள், மேலே ஏற்றி இறக்கும் கூடைப்பந்து வளையங்கள் என்று அத்தனைக்கும் சாவி அவள் இடுப்பில்தான். காலையில் தேர்வுக்கூடம், மதியம் விளையாட்டு, மாலையில் கச்சேரி என்று அந்த அரங்கு நாளுக்கு மூன்று வேஷம் போடும். வேஷம் கட்டிவிடுகிறவள் அவள்.

அன்று, பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பாலின் இறுதி ஆட்டம், சட்டத்துறைக்கும் பொறியியல் துறைக்கும். மறுநாள் பட்டமளிப்பு விழா என்பதால் மேடைக்கான இரும்புக் குழாய்கள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன.

"கூட்டம் வர்ற இடத்துல இது எதுக்கு சார்? கிடங்குல வச்சிடலாம்" என்று மேலாளரிடம் காலையிலேயே சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு மணி நேர ஆட்டம்மா. குழாய் என்ன, எந்திரிச்சு வந்து கடிக்கவா போகுது?" என்றார் அவர்.

கூட்டத்தில் அவள் தம்பியும் இருந்தான். சட்டத்துறையில் இரண்டாம் ஆண்டு. அப்பா போன பிறகு அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். ஆட்டம் தொடங்கும் முன் கொடியை ஆட்டிக்கொண்டே, "அக்கா, இன்னிக்கு அவனுங்கள ஒரு கை பாக்கறோம்" என்று கத்தினான். அவளும் சிரித்தாள்.

இரண்டு பக்கமும் சமநிலையில் இருந்தபோது, கடைசி நிமிடத்தில் சட்டத்துறை ஒரு கோல் போட்டது. ஆட்டக்காரன் எல்லைக்கோட்டை மிதித்துவிட்டான், கோல் செல்லாது என்று நடுவர் ஊதினார். முதலில் ஒரு தண்ணீர் பாட்டில் பறந்தது. அடுத்து ஒரு நாற்காலி. அப்புறம் இரண்டாயிரம் பேரும் ஒரே நேரத்தில் எழுந்த மாதிரி இருந்தது.

காவலாளிகள் மூன்றே பேர். முதல் ஆளுக்குப் பல் போனது, மற்ற இருவரும் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. சாவியக்கா ஓடி ஓடிக் கதவுகளைத் திறந்துவிட்டாள். பாதிக் கூட்டம் அலறிக்கொண்டு வெளியே போனது. மீதி, குழாய்களை நோக்கிப் போனது.

மரத்தளத்தில் ரத்தம் வழுக்கியது. ஒருவன் காதைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போனான், விரலிடுக்கில் சிவப்பாக வழிந்தது. கோல் கம்பத்தின் அடியில் பொறியியல் துறையின் கோல்கீப்பர், நெட்டையன் என்று அழைக்கப்படுபவன், மல்லாந்து கிடந்தான். சுற்றி நான்கு பேர். மூவர் மிதித்தார்கள். நாலாமவன் குழாயால் அவன் முகத்தில் அடித்தான். அந்த நாலாமவன் அவள் தம்பி.

"டேய் தம்பி! விடுடா! செத்துடுவான்டா!"

அவன் காதில் ஏறவில்லை. வெறி தலைக்கேறியிருந்தது. நெட்டையன் கையை உயர்த்தவும் தெம்பில்லாமல் கிடந்தான். குழாய் மறுபடி மேலே போனது. வளையங்களை இறுக்க இடுப்பில் செருகியிருந்த நீள ஸ்பேனர் அவள் கைக்கு வந்தது. யோசிக்கவில்லை. தம்பியின் முழங்கைக்குக் கீழே ஓங்கிப் போட்டாள். காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது.

அவன் திரும்பினான். அவளைப் பார்த்தான், நன்றாகவே பார்த்தான். பார்த்தபிறகும் மறு கையால் குழாயைப் பொறுக்கி அவள் தோளில் இறக்கினான். உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முழங்காலில் இன்னொன்று போட்டாள். அவன் சரிந்தான். அவள் நெட்டையன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். மற்ற மூவரின் மிதியும் அவள் முதுகில் விழுந்தது. போலீஸ் வந்து அவர்களை இழுக்கும்வரை அவள் அசையவில்லை.

மருத்துவமனையில் ஆய்வாளர் கேட்டார், "உன் தம்பி கைய உடைச்சது யாரும்மா?"

"நான்தான்."

"அந்த கோல்கீப்பர அடிச்சது?"

"அவன்தான் சார். என் தம்பி."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! கூடப் பொறந்தவன நீயே காட்டிக் குடுத்துட்டியே! வாய மூடிட்டு இருந்தா ஆகாதா?"

"இன்னும் ரெண்டு அடி விழுந்திருந்தா அவன் கொலைகாரன்மா" என்றாள் சாவியக்கா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரே வீட்டில் இருந்தும் ஒரு வருஷம் பேசவில்லை.

நெட்டையன் பிழைத்தான், ஒரு கண் போய்விட்டது. நீதிமன்றத்திலும் அவள் அதையே சொன்னாள். தம்பிக்கு நான்கு வருஷம்.

சிறைக்குப் போய் மூன்று முறை காத்திருந்தாள். அவன் வரவில்லை. நான்காம் முறை வந்தான். கை கோணலாகவே கூடியிருந்தது. கம்பிக்கு அந்தப்பக்கம் தலை குனிந்து நின்றான்.

"அவன் எப்படியிருக்கான்?"

"படிக்கிறான். கல்லூரிக்கு வர்றான். விளையாட மாட்டான்."

"நான் பாக்கணும்னு சொன்னா வருவானாக்கா?"

"வரமாட்டான்டா. அவன் ஏன் வரணும்?"

அவன் அழுதான். அவளால் தொட முடியவில்லை, நடுவில் கம்பி.

"அம்மா?" என்றான்.

"அடுத்த வாரம் கூட்டிட்டு வர்றேன்" என்றாள். மகனைக் கம்பிக்குப் பின்னால் பார்க்கத் தாங்காது என்று இருந்துவிட்ட அம்மா வருவாளா என்று அவளுக்கே தெரியாது.