இழைப்புளிச் சாதம்

1

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். என் தலை வழுக்கை. சத்தியத்துக்கு நடுவில் எதுவும் தடுக்காது.

கதை கிடைத்த விதத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வீட்டு அலமாரிக் கதவு தரையை உரசிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய வந்த தச்சர், வேலை முடிந்ததும், நான் கொடுத்த ஆப்பிளை உளியால் தோல் சீவினார். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக இறங்கித் தரையைத் தொட்டது.

"கத்தி தரட்டுமா?" என்றேன்.

"பழகிருச்சு சார்."

எப்படிப் பழகியது என்று கேட்டேன். அவர் சொன்னதுதான் இது. நான் சேர்த்தது காற்புள்ளிகள் மட்டும்.

2

முதல் தொடக்கம்: "பொழுது புலர்ந்தது. கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி—"

வேண்டாம். கதிரவனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

இரண்டாவது தொடக்கம்: "மனிதன் முதலில் செய்த கருவி வேட்டைக்கா, சமையலுக்கா என்று ஆராயப் புகுந்தால்—"

இதுவும் வேண்டாம். ஆராயப் புகுந்தால் நான் வெளியே வரமாட்டேன். நீங்கள் எழுந்துபோய்விடுவீர்கள்.

மூன்றாவது: காலையில் தச்சர் காபி போடச் சமையலறைக்குள் போனார். அங்கே சமையலறை மட்டும் இருந்தது.

இது இருக்கட்டும்.

3

பானை இல்லை, கரண்டி இல்லை, தட்டு இல்லை, டம்ளர் இல்லை. அடுப்பு இருந்தது, கேஸ் குழாயோடு பிணைந்திருந்ததால் தப்பித்தது. மற்ற அனைத்தையும் அவர் மனைவி ஒரு போர்வையில் மூட்டை கட்டித் தன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. வீட்டின் முன்னறைதான் பட்டறை. கைக்கு எட்டியதை எடுப்பது தச்சரின் சுபாவம். டீ வடிகட்டியில் வார்னிஷ் வடிகட்டினார். சப்பாத்திக் கட்டையால் உளியைத் தட்டினார். குழம்புக் கரண்டியால் பசையைக் கிண்டினார். இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். காய் நறுக்கும் பலகையை அறுத்து, யாரோ ஒருவர் வீட்டுக் கதவுக்கு முட்டுக் கட்டையாகக் கொடுத்தபோது பொறுக்கவில்லை.

அவர் மதியம் போன் செய்தார். எடுத்தவள் நிதானமாகப் பேசினாள்.

"என் சாமான்ல நீங்க தச்சு வேலை பாத்தீங்கல்ல? இப்ப உங்க சாமான்ல எனக்கு ஒரு வேளை சோறு ஆக்கிப் போடுங்க. ஞாயித்துக்கெழமை வர்றேன். வண்டியை விட்டு எறங்க மாட்டேன். அண்ணன் உள்ள வந்து பாப்பாரு. சரியா இருந்தா எறங்குறேன். இல்லன்னா மூட்டையோட திரும்பிப் போயிடுறேன்."

"எதுவரைக்கும்?"

"அதை அப்புறம் யோசிச்சுக்கறேன்."

தச்சர் போனை வைத்துவிட்டுக் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். இல்லாத பாத்திரங்களுக்கு நடுவே நின்று, "ஆக்கிக் காட்டறேன்," என்றார். கேட்பதற்கு அடுப்பு மட்டும்தான் இருந்தது. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான் என்று நினைத்தார்.

4

(இந்த இடத்தில் தச்சர் கடந்த காலத்தை எண்ணிக் கலங்குவதாக ஒரு பத்தி எழுதினேன். அவருக்கு அது பொருந்தவில்லை. சட்டை பெரிதாகிவிட்டதுபோல் உள்ளே நெளிந்தார். எடுத்துவிட்டேன். அவர் கலங்குகிறவர் அல்லர். அளவெடுக்கிறவர்.)

ஞாயிறு காலை எல்லாக் கருவிகளையும் வெந்நீரில் கழுவி வரிசையாக அடுக்கினார்.

உருளைக்கிழங்குக்கு உப்புத்தாள். முதலில் சொரசொரப்பானது, பிறகு நைசானது. கிழங்கு முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. ஒரு கை வார்னிஷ் அடிக்க விரல் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டார்.

கேரட்டுக்கு இழைப்புளி. மரத்தைச் சீவுகிற அந்தக் கருவியில் கேரட் சுருள் சுருளாக உதிர்ந்தது. ஒரு சுருளை நாளிதழின்மேல் வைத்து அதன் வழியாகத் தலையங்கம் படிக்க முடிந்தது. [இதை நானும் நம்பவில்லை. செய்து பார்த்தேன். தலையங்கம்தான் புரியவில்லை.]

முட்டைக்கு டிரில். முனையில் வளைத்த கம்பியை மாட்டி வாளிக்குள் விட்டார். நுரை பொங்கி, அவர் முழங்கை வரை ஏறி, மேலே போகலாமா என்று யோசித்துவிட்டு இறங்கியது. இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாக இரண்டு செங்கற்களுக்கு நடுவே நிறுத்தி அதன்மேல் ஊற்றினார். முக்கோண ஆம்லெட் வந்தது. பட்டி பூசும் தகட்டால் திருப்பினார். மூலைமட்டம் வைத்துப் பார்த்து, ஓரத்தை நேராக்கினார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. அரிசியில்தான் வினை.

5

தச்சர் அறிந்த உலகத்தில், சூடு பட்டால் எதுவும் சுருங்கும். பச்சை மரம் காய்ந்தால் சுருங்கும். பசை இறுகினால் சுருங்கும். ஆகவே முன்யோசனையுடன், சுருங்கினாலும் குறையாத அளவுக்கு, புது இரும்பு வாளியில் முக்கால் வாளி அரிசி போட்டு, தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினார்.

அரிசி சுருங்கவில்லை.

மூடியாக வைத்த பலகை மெல்ல எழுந்தது. தச்சர் கையால் அழுத்தினார். எழுந்தது. இரண்டு பக்கமும் கிளாம்ப் மாட்டி முறுக்கினார். வாளி முனகியது. "நீயா நானா பாத்துடலாம்," என்று இன்னொரு சுற்று முறுக்கினார். அரிசிக்குப் போக வேறு இடமில்லாமல், தனக்குள்ளேயே போய் இறுகியது.

கொதி அடங்கியதும் கவிழ்த்துத் தட்டினார். வாளி வடிவத்தில், வெள்ளை வெளேரென்று, ஒரு பருக்கைகூட உதிராமல் ஒரே கட்டியாக நின்றது. ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. அவருக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. ஈ மொய்க்காமல் மேலே ஒரு துணியைப் போர்த்தினார்.

6

மனைவியின் அண்ணன் லாரி டிரைவர். எங்கே எதைக் கொடுத்தாலும் சாப்பிடுகிறவர். நாக்குக்கு அபிப்பிராயம் கிடையாது. இப்படி ஒருவரை நீதிபதியாக வைப்பது சரியா என்று எனக்கே சந்தேகம். அவரை நீக்கிவிட்டு ஒரு பள்ளி ஆசிரியையைப் போட்டுப் பார்த்தேன். சரிப்படவில்லை. ஆசிரியை எங்கே உட்காருகிறோம் என்று பார்த்து உட்காருவார்.

லாரி வாசலில் நின்றது. அவள் மடியில் மூட்டையோடு முன்சீட்டில் இருந்தாள். டிரைவர் இன்ஜினை அணைக்காமல் இறங்கினார். அதுவும் அவள் உத்தரவு.

"என்ன மாப்ள, ஆச்சா?" என்று உள்ளே வந்தவர், அலுப்பாக மூச்சு விட்டபடி, துணி போர்த்திய கட்டியின்மேல் உட்கார்ந்தார்.

தச்சர் கையை நீட்டியபடி ஓடி வந்தார்.

"ஸ்டூல் புதுசா? நல்லா கெட்டியா இருக்கே. ஆனா லேசா சுடுது."

"மச்சான், எந்திரிங்க."

"ஏன்?"

"அது சாப்பாடு."

டிரைவர் எழுந்து துணியை விலக்கிப் பார்த்தார். பிறகு தன் பேன்ட்டின் பின்பக்கத்தைப் பார்த்தார். "நான் போய் என்னத்தச் சொல்றது அவகிட்ட?" என்றார்.

வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது. தச்சர் கட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"மேல ஒரு இழை எடுத்துட்டாப் புதுசு மச்சான்."

இழைப்புளியை எடுத்தார்.

7

வண்டியில் இருந்தவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அந்தப் பட்டறையோடு குடித்தனம் நடத்தியவள். சத்தத்தை வைத்தே என்ன மரம், ஈரமா காய்ந்ததா என்று சொல்வாள். இது எதிலும் சேரவில்லை. பொறுத்துப் பார்த்தாள். பிறகு மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்து வாசற்படியில் நின்றாள்.

"என்னத்த இழைக்கிறீங்க?"

"சாதம்."

"எதுக்கு?"

"உங்க அண்ணன் உக்காந்துட்டாரு."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஏண்ணா?"

"வழவழன்னு இருந்துச்சும்மா."

தச்சர் மெல்லிய ரம்பத்தால் கட்டியிலிருந்து ஒரு வில்லை அறுத்தார். அன்று காலை இழைத்த பலகைத் தட்டில் வைத்து, மேலே கேரட் சுருளும் பக்கத்தில் ஆம்லெட்டும் வைத்து நீட்டினார். கூடவே கழுவிய தகடு. அவள் ஒரு கையில் மூட்டையை விடாமல் மறு கையால் தகட்டை வாங்கி, வில்லையின் ஓரத்தை வெட்டினாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மூட்டையைப் பார்த்தார். அது கீழே இறங்கிவிட்டால் போதும். அப்போது ஜன்னலில் இருந்த பொட்டலம் கண்ணில் பட்டது. உப்பு. பிரிக்கவே இல்லை.

அவள் தகட்டை உயர்த்தினாள்.

8

முடிவு ஒன்று: அவள் சாப்பிட்டு, கண் கலங்கி, மூட்டையை இறக்கி— இல்லை. இவள் அப்படிக் கலங்குகிறவள் இல்லை. அதோடு, உப்பில்லாத சாதத்தில் கண்ணீர் விழுந்து ருசி கூடியது என்று எழுதக் கை வந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

முடிவு இரண்டு: அவள் துப்பிவிட்டு லாரியில் ஏறி— இதையும் எழுதினேன். டிரைவர் வண்டியை எடுக்க மறுத்துவிட்டார். ஆம்லெட் பாக்கி இருக்கிறதாம்.

முடிவு மூன்று: மென்று விழுங்கிவிட்டு, "உப்பு எங்க?" என்கிறாள். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் அந்தக் கேள்வி இருக்கப்போகிறவள் கேட்பதா, போகப்போகிறவள் கேட்பதா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

தகடு அவள் உதட்டருகே நிற்கிறது. தச்சர் தட்டைப் பிடித்துக்கொண்டே நிற்கிறார். மூட்டையை இறக்குவதா, ஏற்றுவதா என்பதை உங்களிடம் விடுகிறேன். என் பங்குக்கு ஒரு தகவல் மட்டும்.

என் அலமாரிக் கதவைச் சரிசெய்ய வந்த தச்சருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.